இரும்பில் வெட்டிய சாஸனம்

துப்பாக்கி சேகரிக்கிறவர்கள் என்று சொன்னால் நம் நேயர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். தபால் தலை சேகரிக்கலாம், பழங்காசு சேகரிக்கலாம், பாட்டி காலத்து வெற்றிலைச் செல்லத்தைக்கூட விளக்கி வைத்துக்கொண்டு பெருமைப்படலாம். போயும் போயும் மனிதனை மனிதன் கொல்லுவதற்கென்று செய்த கருவியைத் தேடிப் பிடித்து, எண்ணெய் தடவி, அலமாரியில் சார்த்தி வைத்து மகிழ்வது என்ன ரஸனை? கேள்வி நியாயமானதுதான். ஆயினும் இந்த வாரம் நாம் அந்த மனிதர்களின் சார்பில் சிறிது பேசப் போகிறோம். அவர்களுடைய அலமாரிகளில் நம் தேச சரித்திரத்தின் சில ஏடுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே.

இந்தப் பழக்கத்தின் தாய்வீடு அமெரிக்கா. யுத்தம் முடிந்தவுடன் எல்லாச் சர்க்கார்களுக்கும் ஒரு சங்கடம் ஏற்படுகிறது. லட்சக்கணக்கில் செய்து குவித்த ரைபிள்களை என்ன செய்வது? வைத்துக் காப்பதற்குச் செலவு, உருக்குவதற்கும் செலவு. யாராவது வாங்க வந்தால் நல்ல வேளை என்று தள்ளிவிடுவார்கள். இரண்டாவது உலக மகாயுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் ஆயுதக் கிடங்குகள் இப்படித்தான் அமெரிக்கக் கடைகளுக்குக் கப்பலேறின. துருப் பிடிக்காமலிருக்கக் கெட்டியான கிரீஸைப் பூசிப் பெட்டியில் அடுக்கிய ரைபிள்கள் தபால் மூலமாகவே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. வாங்கியவர்களில் அநேகர் மான் வேட்டைக்காரர்கள். சிலர் மட்டும் கிரீஸைத் துடைத்துவிட்டு, அதற்கடியில் வெட்டியிருந்த எழுத்துக்களைப் பார்த்தார்கள். வேட்டைக்காரன் சேகரிப்பாளனானது அந்தக் கணத்தில்தான்.

அந்த மலிவுக் காலத்துக்கு முடிவு வந்த விதம் உலகம் அறிந்தது. 1963-ல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி இத்தாலியப் படையின் உபரிச் சரக்கு. தபாலில் வரவழைத்தது, தூரநோக்கிக் கண்ணாடியோடு சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். ஐந்து வருஷம் கழித்து, 1968-ல், அந்நிய நாட்டுப் படைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கச் சட்டம் தடுத்தது. 1984-ல்தான் அபூர்வப் பழம்பொருள் என்று கருதத் தக்கவற்றுக்கு மறுபடி கதவு திறந்தது. ஐம்பது வயது நிறைந்தால் துப்பாக்கியும் பழம்பொருள்தான். மனிதனுக்கு அவ்வளவு சீக்கிரம் அந்தக் கௌரவம் கிடைப்பதில்லை. இவற்றைச் சேகரிக்கிறவர்களுக்கென்றே அங்கே தனி லைசென்ஸ் உண்டு.

அப்படிக் கடல் கடந்து போனவற்றில் வங்காளத்தில் பிறந்த துப்பாக்கிகளும் அடக்கம். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில், கும்பினியார் காலத்து வெடிமருந்து ஆலை இருந்த இஷாப்பூரில் 1904-ல் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கே செய்தது லீ-என்பீல்டு என்ற ஜாதி. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் வெகு காலம் தொங்கியதும், என். சி. சி. மாணவர்கள் அணிவகுப்பில் சுமந்து தோள்பட்டை நொந்ததும், எல்லோரும் 'திரீ நாட் திரீ' என்று அழைத்ததும் இதே துப்பாக்கிதான். பெயரில் பாதி ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடையது. அவர் ஸ்காட்லாந்தில் 1831-ல் பிறந்து, கானடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். மற்றப் பாதி லண்டனுக்கு அருகிலுள்ள என்பீல்டு என்னும் ஊர். குழலுக்குள் வெட்டிய புரிவரிகள் அவ்வூர் ஆயுதசாலையின் வேலை. 1895-ல் இரண்டும் கூடின. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி, வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட், நிமிஷத்துக்குப் பதினைந்து குறி தப்பாத வேட்டு. 1914-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதைக்கொண்டு சுட்ட வேகம் இன்றும் பேசப்படுகிறது. யந்திரமாக மட்டும் பார்த்தால் மிக அழகான வேலை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் ஒரு ரைபிளைக் கையில் எடுத்தால் முதலில் குறி பார்க்க மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்ப்பார். ஒரே வரிசை எண் உடலிலும், போல்ட்டின் கைப்பிடியிலும், குழலிலும், முன்மூக்குத் தகட்டிலும், கட்டையின் அடிப்புறத்திலும் இருக்கவேண்டும். எல்லாம் ஒத்திருந்தால் அது பிறந்த குடும்பத்தோடு வாழ்ந்த துப்பாக்கி. போல்ட்டில் மட்டும் வேறு எண் இருந்தால், எங்கோ ஒரு பட்டறையில் பத்துத் துப்பாக்கிகளை அக்கக்காகப் பிரித்துக் குவித்துக் கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் மதிப்புக் குறைவதோடு அபாயமும் உண்டு. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் முதுகுக்கும் இடையே விடவேண்டிய இடம் மயிரிழைக் கணக்கு. அது கூடிவிட்டால் பித்தளை கிழிந்து சூடான வாயு சுடுகிறவனின் முகத்தை நோக்கித் திரும்பும்.

பிறகு முத்திரை. இஷாப்பூர்த் துப்பாக்கியின் கழுத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கிரீடமும், அதன் கீழ் 'ஜி. ஆர். ஐ.' என்ற மூன்று எழுத்தும் இருக்கும். ஜார்ஜ், அரசர், சக்கரவர்த்தி என்று அதற்கு லத்தீனில் பொருள். சுதந்திரம் வந்த பிறகு அதே ஆலையில் செய்த அதே ரைபிளின் அதே இடத்தில் கிரீடம் போய் அசோக ஸ்தம்பத்துச் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. மற்றபடி மாற்றம் எதையும் காண இயலாது. உளியும், அடித்த கையும்கூட ஒருவேளை அதுவாகவே இருந்திருக்கலாம். ராஜ்யம் கைமாறியதற்கு இதைவிடச் சுருக்கமான சாஸனத்தை நாம் கண்டதில்லை. இன்னும் ஓர் அடையாளம்: கட்டை பிளந்துவிடாமல் இருப்பதற்காக அதன் குறுக்கே ஒரு திருகாணி. 'இஷாப்பூர் ஸ்குரூ' என்றே உலகெங்கும் அதற்குப் பெயர். நம் தொழிலாளியின் முன்ஜாக்கிரதை அந்நிய அகராதியில் ஏறியிருக்கிறது!

இவை இருக்கட்டும். நாம் உண்மையில் சொல்ல வந்த விஷயம் வேறு. ஆளுகிறவன் யாரை எவ்வளவு நம்பினான் என்ற கணக்கு இந்த இரும்பில் எழுதியிருக்கிறது.

1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிக் கூறாத ஆசிரியர் கிடையாது. அந்தத் தோட்டா 1853-ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிளுக்கானது. குழலுக்குள் புரிவரி வெட்டியிருந்தபடியால் குண்டு சுழன்றுகொண்டு நேரே வெகு தூரம் பாயும். கிளர்ச்சி அடங்கியதும் என்ன செய்தார்கள் என்பதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லுவதில்லை. இந்தியச் சிப்பாய்க்கென்று அதே துப்பாக்கியைப் புரிவரி இல்லாத வெறுங்குழலாகச் செய்து கொடுத்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றே, தூரத்தில் நிற்கிறவன் மீது மட்டும் குறி விழாது. பீரங்கிகளையும், மலைப் படைகளில் உள்ள சிலவற்றைத் தவிர, வெள்ளையர் வசமே வைத்துக்கொண்டார்கள். அது முதல் இந்தியப் படையின் கையிலுள்ள ஆயுதம் பிரிட்டிஷ் படையின் ஆயுதத்துக்கு ஒரு தலைமுறை பின்தங்கியே இருக்கவேண்டும் என்பது ராஜ தந்திரமாயிற்று. 1914-ல் நம் சிப்பாய்கள் பிரெஞ்சுத் துறைமுகமான மார்ஸேல்ஸில் போய் இறங்கியபோது, கொண்டுபோன பழைய ரைபிள்களை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தார்கள். ஜெர்மானியனுக்கு எதிரே நிறுத்தும்போது மட்டும் நம்பிக்கை வந்துவிட்டது!

இந்தக் கதையின் உச்சி ஒரு விசித்திரமான துப்பாக்கி. பார்வைக்கு அசல் லீ-என்பீல்டு. கையில் எடுத்துப் போல்ட்டைத் திறந்தால், தோட்டாப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தை ஒரு மரத் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவைக்கு ஒரே வேட்டு. குழலைக் கடைந்து புரிவரியை நீக்கி, .410 அளவுள்ள வெறுங்குழலாக்கியிருப்பார்கள். போலீஸாருக்கும் காவற்காரர்களுக்கும் என்று இஷாப்பூரிலேயே இப்படி மாற்றினார்கள். படையின் தோட்டா அதில் பயன்படாது. அதன் தோட்டா படையின் ரைபிளில் பயன்படாது. காவற்காரன் என்றைக்காவது ஜனங்களின் பக்கம் சேர்ந்துவிட்டால்? அந்தப் பயத்துக்கு அடித்த ஆப்புத்தான் அந்த மரத் துண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதை ஒரு வேடிக்கைப் பொருளாக வாங்குகிறார்கள். நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

இதே கண்ணோட்டத்தில் தனி மனிதனையும் கவனித்தார்கள். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபுவின் உபயம். லைசென்ஸ் பெற்ற கனவானுக்கும் படையின் .303 தோட்டா கைக்கு வரக் கூடாது என்பதற்காக .315 என்று வேறோர் அளவு வழக்கத்துக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலையும் அந்த .315 ரைபிளைச் செய்துவந்தது. உள்ளே இருக்கிற யந்திரம் லீ-என்பீல்டின் வாரிசுதான். சிப்பாயின் தம்பி, வேஷம் மாறி மிராசுதார் வீட்டில் குடியிருக்கிறான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நேயர் ஒருவர் வினவலாம்: "ஜாலியன்வாலாபாக்கில் சுட்டதும் இதுதானே?" ஆம். 1919 ஏப்ரல் 13-ந் தேதி, ஐம்பது சிப்பாய்கள், .303 ரைபிள்கள். ஜெனரல் டயர் தாமே கொடுத்த கணக்குப்படி 1,650 வேட்டுக்கள். தோட்டா தீருகிற நிலைமை வரும் வரையில் சுட்டார்கள். சுட்டவர்களும் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அழகை முன்பு நாம் புகழ்ந்தோம். அந்த அழகுதான் அன்று அந்த வேகத்தையும் கொடுத்தது. இரண்டையும் பிரித்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. கொலை வழக்கில் கத்தியைக் கோர்ட்டாரிடம் ஒப்படைத்துப் பத்திரப்படுத்துகிறார்களே, அந்த முறையில்தான் இந்தத் துப்பாக்கியும் பாதுகாக்கத் தக்கது என்பது நம் அபிப்பிராயம். அமெரிக்க நண்பர்கள் சிலர் இதை ஏதோ பந்தயக் குதிரையைப் போலத் தட்டிக் கொடுப்பதைப் பார்த்தால் நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

ஆயினும் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பழைய ரைபிளைத் தேய்க்காதே என்பது அவர்களுடைய முதல் விதி. கட்டையில் உள்ள வடுவும், எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்த நிறமும், பட்டறைக்காரன் அடித்த சிறு குறியும் எல்லாம் சாட்சியங்கள். புதுப்பிக்கிறேன் என்று உப்புக் காகிதத்தால் இழைத்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்தவனை அவர்கள் மன்னிப்பதில்லை. நம் கோவில்களில் திருப்பணி என்ற பெயரால் மணல் வீசிக் கல்வெட்டுக்களைத் தேய்த்த புண்ணியவான்களை நேயர்களுக்குத் தெரியும். இறக்குமதி செய்கிறவரின் பெயரையும் ஊரையும் இரும்பில் வெட்டவேண்டும் என்ற அமெரிக்கச் சட்ட விதியைக்கூட இவர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் பொறுத்துக்கொள்கிறார்கள்.

போலிகளும் உண்டு. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையே தர்ரா ஆதம் கேல் என்ற ஊர் இருக்கிறது. ஊர் முழுவதும் துப்பாக்கிக் கொல்லர்கள். எந்தத் துப்பாக்கியைக் காட்டினாலும் அரத்தையும் சம்மட்டியையும் வைத்துக்கொண்டு அச்சாகச் செய்துவிடுவார்கள். கிரீடமும் முத்திரையும் உட்பட. எழுத்துத்தான் காலை வாரிவிடும். இங்கிலீஷ் 'என்' எழுத்து இடம் வலமாகத் திரும்பி நிற்கும். சக்கரவர்த்தியின் பெயரிலேயே எழுத்துப் பிழை விழும். ஆப்கானிஸ்தானத்துக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அநேகர் இவற்றை விக்டோரியா காலத்து அசல் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். எல்லைப்புறத்துக் கொல்லனுக்கு ஏகாதிபத்தியங்கள் எல்லாம் வாடிக்கைக்காரர்களே.

நம் நாட்டில் இந்தப் பழக்கம் வேரூன்ற வழியில்லை. 1959-ஆம் வருஷத்துச் சட்டம் கடுமையானது. 2019-ல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டே துப்பாக்கிகள். வீதிக்கு வீதி ஆயுதம் புழங்கும் தேசங்களின் கதியைப் பார்க்கும்போது அதைப் பற்றி நாம் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தனி மனிதன் சேகரிக்கக் கூடாதென்றால் சர்க்கார் சேகரிக்க வேண்டும் அல்லவா? 1962-ல் பனிமலையில் நம் ஜவான்கள் இந்தப் பழைய .303-ஐ வைத்துக்கொண்டுதான் சீனர்களின் புதிய துப்பாக்கிகளை எதிர்த்து நின்றார்கள். அந்த அடிக்குப் பின்னர் இஷாப்பூரில் இன்னும் உறுதியான எஃகினால், 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கென்று, இதே ஜாதியில் '2ஏ', '2ஏ1' என்ற ரைபிள்களைச் செய்தார்கள். அவையும் உபரியாகி அமெரிக்காவுக்குப் போய்விட்டன. நம்முடையவற்றின் பிறப்பு, வயது, முத்திரை ஆகியவற்றை நாம் அந்த ஊர்ச் சேகரிப்பாளர்கள் எழுதிய நூல்களிலிருந்தே அறிய வேண்டியிருக்கிறது.

2020-ஆம் வருஷத்துக் குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீஸார் .303-க்கு அணிவகுப்பு மரியாதையுடன் விடை கொடுத்தார்கள். இப்படி ஒவ்வொரு ராஜ்யமாக விடை கொடுக்கும்போது பழைய துப்பாக்கிகள் உலைக்குத்தான் போகும். போகட்டும். உலைக்கு அனுப்புவதற்கு முன் கண்ணாடி மாட்டிக்கொண்டு எண்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஆயுதக் கிடங்கில் ஒரு வாரம் உட்காரலாம். கிரீடம் உள்ளதில் ஒன்று, சிங்கம் உள்ளதில் ஒன்று, மரத் துண்டு அடைத்ததில் ஒன்று. சுடமுடியாதபடி செய்து, தேய்க்காமல், வார்னிஷ் அடிக்காமல், ஒவ்வொரு ராஜ்யத்துக் காட்சிச்சாலையிலும் பிள்ளைகள் குனிந்து எழுத்துக்களைப் படிக்கிற உயரத்தில் வைக்கச் சொல்லுவோம்.