சாவி யார் கையில்?

தோழர்களே,

பாலக்கோடு பக்கம் ஒரு சேரி. கபடிக் குழு நடத்தும் பசங்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவங்களுக்கென்று ஒரு மன்றக் கட்டடம் எப்படிக் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் கொத்தனார் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தம்பி சொன்னான்: "அங்க அடுக்குமாடி வீடுங்களுக்கு நடுவுல கிளப் ஹவுஸ்னு ஒண்ணு கட்டுவாங்கண்ணா. கல்லு வெச்சதும் பூசுனதும் நாங்கதான். வேலை முடிஞ்ச மறுநாளு வாட்ச்மேன் எங்களையே உள்ள விடல."

'சோத்துக்கே வழியில்ல, வெளையாட்டுக்குக் கட்டடமா?' என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பல்வங்கர் பாலுவை நினைவூட்டுகிறேன். சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளத்தைச் சீர்செய்து கூலி வாங்கியவர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர். புனாவில் இந்துக்கள் அணிக்கு அவர் வீசிய பந்தை மேல்சாதி ஆட்டக்காரர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அவரை மட்டும் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தி, குடிச்சதும் தூக்கிப் போடுற மண்குவளையில் ஊற்றினார்கள். மைதானத்தில் இல்லாத தீட்டு கட்டடத்தில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், கட்டடம் சின்ன விஷயமில்லை.

பெருசா வேண்டாம். முதலில் சுண்ணாம்பு போட்டுக் களத்தை அளங்க. ஆண்கள் கபடிக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. சுத்தி ஓட இடம் விட்டு, மிச்சத்தில் இருபதடிக்குப் பதினைஞ்சடி ஒரே அறை, களத்தைப் பார்த்து ஒரு திண்ணை. உள்ளே குறுக்குச்சுவர் வெக்காதீங்க. வெச்சா அறைக்கு ஒரே வேலைதான். தடுப்பில்லைன்னா காலையில் உடற்பயிற்சி, ராத்திரியில் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அடைமழையில் வீடு ஒழுகுறவங்களுக்குப் படுக்கை. பெஞ்சுகள் மடக்குற மாதிரி இருக்கட்டும். ஒரு பக்கம் நிலத்தைக் காலியா விடுங்க, காசு சேர்ந்தா அடுத்த அறைக்கு. இதையெல்லாம் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டியது அந்தக் கொத்தனார் தம்பிதான்.

வரைஞ்சு முடிச்சதும் ஒரு பொண்ணு கேட்டுது: "நாங்க எங்கண்ணா துணி மாத்துறது?" எல்லாரும் வாயடைச்சுப் போனோம். நானும்தான். ஊர்க்காரன் நம்மை வெளியே நிறுத்தினதைப் பேசிக்கொண்டே நம் வீட்டுப் பெண்களை நாம் வெளியே நிறுத்தியிருந்தோம். கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் தனி வாசலோடு முதலில் வரட்டும். காசு பத்தலைன்னா திண்ணையைக் குறைங்க.

நிலத்தின் காகிதம் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். 1892-க்குப் பின் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் கைக்குப் போச்சு என்பதை மறந்துவிடக் கூடாது. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். உங்க ஊராட்சியில் அது எந்தத் தெருவில் இருக்கு, நம்ம பிள்ளைங்க உள்ளே போக முடியுதா என்று போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. 2012 நவம்பர் 7-ந் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தபோது, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் சாம்பலாச்சு. ஆகவே பந்தும் பனியனும் வைக்க இரும்பு பீரோ வாங்கும்போது, அதில் ஒரு தட்டு சான்றிதழ் நகல்களுக்கு ஒதுக்குங்கள். நகல் இன்னொரு ஊரிலும் இருக்கட்டும்.

கடைசியாகச் சாவி. அது ஒரே ஆள் இடுப்பில் தொங்கக் கூடாது. பணம் கொடுத்த கட்சிக்காரன் கையிலும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும், ரெண்டாவது சாவி எப்போதும் பெண்கள் அணியிடம் இருக்கட்டும். திண்ணையில் ஒரு பானை, ஒரே தம்ளர். ஊர்த்தெருப் பையன் ஆட வந்தால் வரட்டும். தாகம் எடுத்தால் அவனும் அதே தம்ளரில் குடிக்கட்டும்.

அடுத்த வாரம் நிலம் அளக்கிறோம். மாணவத் தோழர்கள் நாடாவோடு வாருங்கள்.

ஜெய்பீம்!