கான்சா யார்? நடந்து பார்த்தால் தெரியும்!

"கான்சாபுரம் எறங்கு... சீக்கிரம் எறங்கு!"

வத்திராயிருப்பு வட்டாரத்து பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுக்கிறார். பையும் மூட்டையுமாக ஜனங்கள் இறங்குகிறார்கள். விசில் ஊதுகிறது, பஸ் போய்விடுகிறது. தினம் நடப்பதுதான்.

சரி, அந்தக் 'கான்சா' யார்? டிக்கெட் கொடுத்தவரைக் கேட்டால், "யாருக்குத் தெரியும்ணே" என்பார். டிக்கெட் வாங்கியவரும் அதையேதான் சொல்வார்.

கான்சா என்பது கான்சாகிப். பிறந்த ஊர் ராமநாதபுரம் சீமையில் பனையூர். முதலில் மருதநாயகம், பிறகு முகம்மது யூசுப்கான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதி. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரோடு கம்பெனிக்காகச் சண்டை போட்டவர். மதுரைச் சீமைக்கே அதிகாரியானவர். கடைசியில் அதே கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ந் தேதி மதுரையில் தூக்கு!

வீரனா, கம்பெனியின் ஆளா? இரண்டும்தான். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு, மலையடிவாரத்தில் கான்சாபுரம் என்று பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கோபுரம் பார்த்து கும்பிடு போட்டு...

ஸ்ரீவில்லிபுத்தூர் கதையும் அப்படித்தான். வெளியூர் வேன் வருகிறது. பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆண்டாளைக் கும்பிடுகிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவில் இரண்டு கிலோ கட்டிக்கொள்கிறார்கள். வேன் கிளம்பிவிடுகிறது. ஊரைப் பார்த்தாச்சாம்!

தேர் ஓடும் ரத வீதிகளை யார் பார்த்தார்கள்? திருமுக்குளத்தை? மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோவிலை? திருமலை நாயக்கர் பெயரைச் சொல்லும் மகாலை? ஆண்டாள் கோவில் உச்சிக்கால மணிச் சத்தம் மண்டபம் மண்டபமாக மதுரை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, வேனில் வந்தவருக்கு அது தெரியாது.

பக்கத்தில் ராஜபாளையம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த குமாரசாமி ராஜா, சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். பதவிக்கு வந்து வீடு சேர்ப்பவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அதிசயம் இல்லையா? பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய வீடு அது.

அங்கே நடக்கிறதே!

அகமதாபாத்தில் 1997 நவம்பர் 19-ல் ஒரு காரியம் தொடங்கினார்கள். பழைய நகரத்துச் சந்துபொந்துகள் வழியாக ஒரு நடை. காலுப்பூர் சுவாமி நாராயண் கோவிலில் ஆரம்பித்து ஜும்மா மசூதியில் முடியும். தொடங்கியதில் அந்த ஊர் மாநகராட்சிக்கே பங்கு உண்டு. இடிந்து போகட்டும் என்று விட்டிருந்த மர வீடுகளின் அருமை வீட்டுக்காரர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. 2017-ல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அகமதாபாத்துக்குப் பட்டம் கொடுத்தது. சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் 'மெட்ராஸ் தினம்' வைத்துத் தெருத் தெருவாக நடக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் என்ன குறைச்சல்?

"சாக்கடை நாறுது, குடிதண்ணீர் ஒழுங்கா வரலை, இதுல நடை ஒண்ணுதான் பாக்கியா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் அதிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இருபது பேர் ஒரு தெருவில் நடந்தால், அந்தச் சாக்கடை இருபது பேர் கண்ணில் படும். குளத்துக்குள் கொட்டுகிற குப்பையும் படும். அதிகாரிகள் காரில் போனால் தெரியாதது, நடந்தால் மூக்கிலேயே ஏறும்!

கடைக்கார அண்ணாச்சிகளுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு மணி நேரத்தில் கிளம்புகிற வேன் மூன்று மணி நேரம் நின்றால், காப்பி, டிபன், சேலை என்று பணம் இந்த ஊரிலேயே புரளும்.

செலவும் பெரிசு இல்லை. விஷயம் தெரிந்த தமிழ் வாத்தியார், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் என்று நாலு பேரைக் கூப்பிட வேண்டும். முக்கியமான இடங்களில் பெயரும் வருஷமும் எழுதிய பலகை வைக்க வேண்டும். கான்சாபுரம் பஸ் நிறுத்தத்திலும் ஒரு பலகை. ஆனால் ஒன்று: கதையைக் கதை என்றும், சரித்திரத்தைச் சரித்திரம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். கான்சாகிப்பைத் தெய்வமாக்கவும் வேண்டாம், துரோகியாக்கவும் வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

தூண் வைத்த திண்ணை வீட்டை இடிக்க ஒரு நாள் போதும். ஜே.சி.பி. வந்து நின்ற பிறகு கையைப் பிசைந்து பிரயோஜனம் இல்லை. மிச்சம் இருக்கும் பழைய வீடுகளுக்கு இப்போதே பட்டியல் எடுத்தாக வேண்டும்.

இரண்டு நகராட்சிகளும் சுற்றுலாத் துறையும் உட்கார்ந்து பேசட்டும். வருகிற ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க வரும் கூட்டத்தில் முதல் நடை தொடங்கட்டும்.

அடுத்த தடவை "கான்சாபுரம் எறங்கு" என்று குரல் வரும்போது, "கான்சான்னா யாருப்பா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்பான். அப்பாவுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டாமா?