தரையை உடைக்கிறோமா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க அனுமதி வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டால், குத்தகையாளர்களாகிய நம்மில் பலர் வேலையின் அளவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம். சின்ன வேலை என்றால் வேண்டாம், பெரிய வேலை என்றால் வேண்டும். இது சரியான அளவுகோல் அல்ல. விலை உயர்ந்த கண்ணாடித் தடுப்பு, புதிய கைகழுவும் தொட்டி, கண்ணாடி அலமாரி எல்லாம் மாட்டினாலும் அனுமதி தேவைப்படாமல் போகலாம். பழைய தரை டைல்ஸை உடைத்து மாற்ற அனுமதி கட்டாயம்.

காரணம் டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. காங்கிரீட் தளத்தின்மேல் உள்ள நீர்த்தடுப்புப் படலம் டைல்ஸோடு சேர்ந்து கிழியும். அந்தத் தளம்தான் கீழ்வீட்டுக்காரரின் கூரை. படலத்தைப் புதிதாக, மூலைகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் விடுபடாமல் பூசி, தண்ணீர் தேக்கிச் சோதிக்காவிட்டால், கசிவு சில மாதங்கள் கழித்து இன்னொருவர் வீட்டில் தெரியும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் உண்டு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் கழகம் பாதிச் செலவை ஏற்றாலும், மிச்சத்தை இரு வீட்டாரும் பகிர வேண்டும். நாம் செய்த வேலையில் எந்தப் பங்கும் இல்லாத கீழ்வீட்டுக் குடும்பம் 25 விழுக்காடு கட்டுகிறது. இதை நினைத்துப் பார்த்தால், கழகத்தின் குத்தகையாளர் பட்டியலில் உள்ளவரே புதுப்பிப்பைச் செய்ய வேண்டும் என்ற விதியை யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

புதிய வீடுகளில் விதி இன்னும் கடுமை. குளியலறையின் சுவர், தரை டைல்ஸை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அகற்றவே கூடாது. இந்த மூன்று ஆண்டு, புளோக் கட்டி முடிந்த தேதியிலிருந்து தொடங்குகிறது. சாவி வாங்கிய நாளை வைத்துக் கணக்குப் போடும் உரிமையாளரிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். அவசரப்படுபவர்களுக்கு, இருக்கும் டைல்ஸின் மேலேயே ஒட்டும் வழி உண்டு. ஆனால் தரையின் மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கதவு இடிக்குமா, தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுமா என்பதையும் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும். இந்த அளவை எடுக்காமலே விலை சொல்லும் பழக்கம் நம் தொழிலுக்கு அழகல்ல.

சுவரை இடிப்பதென்றால் கேள்வியே இல்லை, அனுமதி வேண்டும். குழாய் வேலை தனிக் கணக்கு. பழைய குழாய்த்தலைப்பைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் பொருத்துவது எளிய வேலை. கழிவறைத் தொட்டியை இடம் மாற்றுவது அப்படியல்ல. அதன் கழிவுக்குழாய் பல புளோக்குகளில் கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில்தான் ஓடுகிறது. குழாய்ப் பாதையைத் தொடுகிற வேலை என்றால் தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை முதல் நாளே அழைத்துவிடுவது நல்லது.

உரிமையாளரிடம் இதையெல்லாம் சொன்னால் வேலை கைநழுவிப் போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அனுமதியில்லாமல் முடித்துத் தருவதாகச் சொல்லும் போட்டியாளர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் டைல்ஸ் உடைக்கும் சத்தம் புளோக் முழுதும் கேட்கும். வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே அந்த வேலைக்கு இடமுண்டு. சனிக்கிழமை உடைத்தால் முதல் புகாரே அண்டை வீட்டிலிருந்து வரும். அதிகாரிகள் வந்து முதலில் கேட்பது அனுமதிக் கடிதத்தைத்தான்.

ஆகவே விலைப்பட்டியலில் மூன்று வரிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: அனுமதி விண்ணப்பம், நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் தேக்கும் சோதனை. சோதனைக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள். அந்த நாளுக்கும் கூலி கேளுங்கள்.