தலையாட்டினால் மட்டும் போதுமா, தோழர்களே?

1992 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த நான்கு பேர் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அட்டையில் அவர்களின் முகம் இல்லை. நடுத்தெருவில் அமர்ந்தபடி எரிந்துகொண்டிருக்கும் ஒரு பௌத்தத் துறவியின் படம்தான் இருந்தது. 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் அது. ஆல்பத்துக்கும் அதே பெயர்தான்.

அந்தத் துறவி திக் குவாங் டுக். தெற்கு வியட்நாமில் பௌத்தர்களை ஒடுக்கிய டியெம் ஆட்சியை எதிர்த்து, 1963 ஜூன் 11 அன்று சைகோன் தெருவில் தன்னையே எரித்துக்கொண்டவர். அந்தப் படம் இன்றும் கருப்பு டி-ஷர்ட்டுகளில் விற்பனையாகிறது. அதை அணிகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இந்தக் கேள்வியைத்தான் நம் இளம் தோழர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம். பாடகர் சாக் டி லா ரோச்சாவின் தந்தை பேட்டோ, மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் கலைக்குழுவான 'லாஸ் ஃபோர்'-ஐச் சேர்ந்த ஓவியர். கிட்டார் வாசித்த டாம் மொரெல்லோவின் தந்தை கென்யர். மொரெல்லோ ஹார்வர்டில் அரசியல் படித்தவர். டிம் காமர்ஃபோர்ட் பாஸ் கிட்டார், பிராட் வில்க் ட்ரம்ஸ். ஹிப் ஹாப்பின் பேச்சையும் ராக்கின் இரைச்சலையும் ஒன்றாக்கிய குழு இது. கேட்கும்போது இயந்திரச் சத்தம் போலிருக்கும். ஆனால் கீபோர்டோ சிந்தசைசரோ எதுவும் பயன்படுத்தவில்லை என்று ஆல்பத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். அத்தனையும் கையால் எழுப்பிய ஒலி.

ஆல்பம் வந்த அதே 1992-இல்தான் அந்த நகரம் பற்றி எரிந்தது. ரோட்னி கிங் என்ற கருப்பரைப் போலீஸார் அடித்து நொறுக்கியதை ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். உலகமே அதைப் பார்த்தது. அப்படியும் ஏப்ரல் 29 அன்று நான்கு போலீஸாரும் தண்டனையின்றி வெளியே வந்தார்கள். தொடர்ந்த கலவரத்தில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடலான 'கில்லிங் இன் த நேம்', போலீஸ் சீருடைக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை இனவெறியைத்தான் சாடுகிறது. 'வேக் அப்' என்ற இன்னொரு பாடல், கருப்பினத் தலைவர்களை எஃப்.பி.ஐ. வேவு பார்த்து வேட்டையாடியதைப் பேசுகிறது. அப்படி வேட்டையாடப்பட்ட கருஞ்சிறுத்தைகளின் பெயரிலிருந்துதான் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

இனி சிக்கலுக்கு வருவோம். இந்த ஆல்பத்தை வெளியிட்டது எபிக். அது சோனி என்ற பெரும் நிறுவனத்தின் கிளை. இயந்திரத்தை எதிர்த்தவர்களை விற்றதே இயந்திரம்தான். 2009-இல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவரின் பாட்டுதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதலிடம் என்றாகிவிட்டதை எதிர்த்து, 'கில்லிங் இன் த நேம்'-ஐ வாங்குங்கள் என்று மக்கள் இணையத்தில் திரண்டார்கள். 17 வருடப் பழைய பாட்டு முதலிடம் பிடித்தது. நல்ல வெற்றிதான். ஆனால் தோற்ற பாட்டையும் விற்றது சோனிதான்!

இன்னொன்றும் நடந்தது. 2012-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட வலதுசாரி பால் ரயன், தனக்குப் பிடித்த குழு இது என்றார். நாங்கள் எதிர்க்கும் இயந்திரமே நீங்கள்தான் என்று மொரெல்லோ பதிலடி கொடுத்தார். பதிலடி சரிதான். ஆனால் பாட்டை ரசிக்க, பாட்டின் பக்கம் நிற்க வேண்டியதில்லை என்பதும் அதில் அம்பலமானது. தாளத்துக்கு யார் வேண்டுமானாலும் தலையாட்டலாம்.

அப்படியென்றால் இந்த இசையால் பயனே இல்லையா? அப்படி நாம் சொல்லவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஃப்ரீடம்'. அதன் வீடியோ லியோனார்ட் பெல்டியர் என்ற பழங்குடிப் போராளியின் வழக்கைச் சொன்னது. 1975-இல் பைன் ரிட்ஜில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் கொல்லப்பட்ட வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை. விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லிக்கொண்டே இருந்தன. இசைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளிடம் அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வீடியோ.

பெல்டியர் சிறையிலிருந்து வெளியே வந்தது 2025 பிப்ரவரியில். அப்போது அவருக்கு வயது 80. அதுவும் முழு விடுதலை இல்லை, மீதித் தண்டனை வீட்டுக் காவலில். ஆல்பம் வந்து 32 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கதவைத் திறந்தது கிட்டார் அல்ல. பழங்குடி அமைப்புகள், வழக்கறிஞர்கள், மனு மேல் மனுவாக எழுதியவர்கள் என்று பாட்டு ஓய்ந்த பிறகும் ஓயாதவர்கள்தான் திறந்தார்கள். பாட்டு ஒரு பெயரை நம் காதில் போட்டது. அந்தப் பெயரோடு என்ன செய்வது என்பது கேட்டவர்களின் வேலையாக இருந்தது.

ஆகவே தோழர்களே, இந்த ஆல்பத்தைக் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். கேட்டு முடித்ததும் அதில் வரும் பெயர்களைத் தேடிப் படியுங்கள். ஒரு பாட்டை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்தக் கலைஞர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கணக்குப் பார்ப்பதிலேயே காலத்தையும் கழிக்காதீர்கள். அந்தக் கணக்கு தேவைதான், ஆனால் அதனால் மட்டும் யாரும் சிறையிலிருந்து வெளியே வரப்போவதில்லை. உங்கள் கல்லூரியில், உங்கள் ஊரில், வழக்கு நடத்த ஆளில்லாமல் ஒரு பெயர் காத்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து, மனு எழுதத் தொடங்குங்கள்.