'என்னால விட முடியாது!' – யார் சொன்னது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறீர்களா? கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால், சில இடங்களில் செல்போன் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். பின்சீட்டில் கேம் ஆடிக்கொண்டு வந்த பையன் சிணுங்குவான், எரிந்து விழுவான். வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள், "பசிக்குதும்மா" என்பான்!

அதற்குள் ஒரு பெரிய விஷயம் நடந்துவிட்டது. ஆட வேண்டும் என்ற வெறி வந்தது, ஏறியது, தானாகவே இறங்கியது. அவனும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

பையன் கேம் ஆடுவதும், அப்பா ஆன்லைன் ரம்மியில் பணத்தை விடுவதும் ஒன்றல்ல. ஆனால் இருவர் மனசுக்குள்ளும் இரண்டு நினைப்புகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று, 'ஆடினாத்தான் டென்ஷன் குறையும்.' இன்னொன்று, 'ஆரம்பிச்சா என்னால நிறுத்தவே முடியாது.' முதல் நினைப்பு கையைப் போனுக்கு இழுக்கிறது. இரண்டாவது, நிறுத்திப் பார்க்கும் முயற்சியையே கொன்றுவிடுகிறது. நம் மனசைப் பற்றி நாமே வைத்திருக்கும் இந்த மாதிரி நம்பிக்கைகளைத்தான் முதலில் தொட வேண்டும் என்கிறது, மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏட்ரியன் வெல்ஸ் உருவாக்கிய சிகிச்சை முறை.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்தார்கள். 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க மத்திய அரசு சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் மண்டைக்குள் இருக்கிற நினைப்புக்கு எந்தச் சட்டம் தடை போடும்?

என் வருத்தமெல்லாம் நம் வீடுகளைப் பற்றித்தான். "நீ உருப்படவே மாட்டே! உன்னால அதை விடவே முடியாது" என்று தினமும் திட்டுகிறோமே... அந்த இரண்டாவது நினைப்புக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம்!

அதற்குப் பதில், "அரை மணி கழிச்சு ஆடிக்கயேன்" என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி கழித்து, "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேளுங்கள். வெறி குறைந்திருந்தால், அதை அவன் வாயாலேயே சொல்லட்டும். குறையவில்லையா? சண்டை போடாதீர்கள். நாளைக்கு மறுபடியும் கேளுங்கள்.

லீவில் கொஞ்சம் அதிகமாக ஆடுகிற பிள்ளையையெல்லாம் நோயாளி ஆக்கிவிடாதீர்கள். கட்டுப்பாடு போய், படிப்பும் வேலையும் கெட்டு, பொதுவாக ஒரு வருஷமாவது அப்படியே நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்கிறது. ஆனால் கடன், நகை அடகு என்று போய்விட்டால் வீட்டு வைத்தியம் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், இலவசம்தான். அவர் பேச மறுத்தால் நீங்களே பேசலாம்.