வில்லங்கத்தில் வராத அட்வான்ஸ்

நாலு போர்ஷன் உள்ள மாடிவீடு சென்னையில் விலைக்கு வந்தால், மாத வாடகை எவ்வளவு என்பதைத்தான் தரகர் முதலில் சொல்வார். வாங்குகிறவரும் வில்லங்கச் சான்று போட்டு, தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டித் திருப்தியாகிவிடுவார். உள்ளே குடியிருப்பவரிடம் போய்ப் பேசுவது மட்டும் விட்டுப்போகும். விற்பவரும் அதை விரும்புவதில்லை. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்பட்டு, சார்பதிவாளர் அலுவலகம் போகாமலே பீரோவில் கிடக்கின்றன. வில்லங்கத்தில் அவை ஏறுவதில்லை. ஆனால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, ஒருவர் சொத்தில் குடியிருந்தாலே அவருக்குள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகத்தான் கொள்ளப்படும். எனக்கு யாரும் சொல்லவில்லை என்ற பேச்சு எடுபடாது.

அடி விழுவது அட்வான்ஸில். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிற 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமே, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று வழிவிட்டிருக்கிறது. பத்து மாத வழக்கம் இன்னும் போகவில்லை. நாலு வீடு, தலா 15,000 ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் மட்டும் 6 லட்சம். ‘லீஸ்’ என்று மொத்தப் பணம் வாங்கியிருந்தால் இன்னும் பெருந்தொகை. பணத்தை வாங்கியவர் பழைய உரிமையாளர், குடியிருப்பவர் சாவியை நீட்டி அதைத் திருப்பிக் கேட்பது புதியவரிடம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, குடியிருப்பவர் விரும்பினால், பழையவரின் பொறுப்புகளைப் புதியவர் மேல் ஏற்றுகிறது. அட்வான்ஸ் அதில் சேருமா என்று பின்னால் வழக்காடுவதைவிட, விலையில் கழித்துக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். கைமாறிய செய்தியையும் உடனே கடிதமாகக் கொடுக்க வேண்டும். தெரியாமல் பழையவரிடம் கட்டிய வாடகையை இரண்டாம் முறை கேட்க முடியாது.

காலி செய்து கொடுத்தால்தான் வாங்குவேன் என்பவர்கள் உண்டு. சொந்தக் குடித்தனத்துக்கு என்றால் அது நியாயம். வாடகைக்காகவே வாங்குகிறவர் ஒழுங்காக வாடகை தருபவரை அனுப்பிவிட்டு, வெள்ளையடித்து, தரகுக் கூலி கொடுத்து, புது ஆளுக்காகக் காத்திருப்பதில் என்ன லாபம்? கிளம்பவே மாட்டார்கள் என்ற பயம் 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டக் காலத்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் செய்யாததும் வாடகை பாக்கியும் வெளியேற்றக் கோரப் போதுமான காரணங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி விரட்டத்தான் அதில் இடமில்லை.

எனவே வீட்டை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் வாடகை, அட்வான்ஸ், பாக்கி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்கவே விடாத உரிமையாளரின் வீடு வேண்டாம்.