பாலில் குளிக்கும் பதாகைகள்

கொட்டு முழங்குகிறது. வெடி அதிர்கிறது. கற்பூரம் எரிகிறது. குடம் குடமாகப் பால் வழிந்தோடுகிறது. ஆலயமோ? அல்ல! ஆண்டவனுக்கு நடக்கும் அபிஷேகமோ? அதுவும் அல்ல! திரையரங்க வாயிலில் மூங்கில் சாரம் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் நடிகரின் கட்டவுட்டுக்கு, உயிரைப் பணயம் வைத்து உச்சியிலே ஏறி நிற்கும் இளைஞன் பாலூற்றுகிறான். கீழே நிற்கும் கூட்டம் "தலைவா!" என்று ஆர்ப்பரிக்கிறது. அட்டை சிரிக்கிறது; அறிவு அழுகிறது!

கல்லுக்குப் பாலூற்றுவது ஏன் என்று கேட்ட நாடு இது. பசித்த குழந்தை வீதியிலே நிற்க, பாறையின் தலையில் பால் கொட்டலாமா என்று கேட்ட நாடு. கேட்டவர்களின் பெயரன்மார்தாம் இன்று அட்டைக்குப் பாலூற்றுகிறார்கள். கல்லாவது பல நூறு ஆண்டுகள் நிற்கும். அட்டை, அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவருக்காகக் கிழிக்கப்படும்! இந்த வேடிக்கையைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், சிரிக்க முடியவில்லை தோழர்களே! நமக்குக் காரணம் உண்டு.

கூடங்குளத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம், சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பில் தேர்வுத்தாள் கொடுத்தபோது, நான்கு இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. மறுநாள் வந்தான் ஒருவன். கண்கள் சிவந்திருந்தன, குரல் கம்மியிருந்தது.

"நேற்று எங்கேயப்பா போயிருந்தாய்?"

"நாகர்கோயிலுக்கு சார். முதல் காட்சி."

"சீட்டுக்கு ஏது பணம்?"

தலை குனிந்தான். பதில் வரவில்லை. பதில் நமக்குத் தெரியும். அவன் அன்னை, முற்றத்திலே முறத்தை மடியில் வைத்து, இருட்டும் வரை பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கிய கூலி அது. அந்தக் கூலிதான் கள்ளச் சந்தையில் நுழைவுச் சீட்டாயிற்று, பட்டாசாயிற்று, பாலாயிற்று. அவனை அடிக்க நமக்குக் கை எழவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நாமும் அவனாகவே இருந்தோம்!

மறைப்பானேன்? பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த நாளில், இரவோடிரவாகப் பேருந்தேறிச் சென்னை சென்றோம். கடற்கரையைக் காணவா? நூலகங்களைக் காணவா? ஒரு நடிகர் வீட்டு வாயிற்கதவைக் காண! காலை முதல் கால் கடுக்க நின்றோம். மாலையில் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று சீறிச் சென்றது. உள்ளே அவர் இருந்தாரா, இல்லையா? இன்றுவரை தெரியாது. ஆயினும் ஊர் திரும்பி, "பார்த்தோம்!" என்று பெருமை பேசினோம். காணாததைக் கண்டதாகச் சொல்வதற்குப் பக்தி என்று பெயர். பட்டப் படிப்பும் படித்துக்கொண்டு அந்தப் பக்தியையும் செய்தோம் நாம். ஆகையால், மேட்டிலே நின்று பள்ளத்தைப் பார்த்து ஏசும் எழுத்தல்ல இது. பள்ளத்தில் விழுந்து, முழங்கால் சிராய்த்து, எழுந்து வந்தவர்களின் எச்சரிக்கை.

ரசிகனை மூடன் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது நியாயமன்று. அவன் ஏன் அங்கே போகிறான் என்று கேட்க வேண்டும். கோயிலில் இன்னார் இவ்வளவு தூரம்தான் வரலாம் என்றிருந்தது. தேநீர்க் கடையில் இவனுக்குத் தனிக்குவளை என்றிருந்தது. கிணறும் வேறு, தெருவும் வேறு, சுடுகாடும் வேறு! திரைப்படக் கொட்டகை வந்தது. காசைக் கொடுத்தவன் உள்ளே வந்தான். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கமே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக் காட்டியதுண்டு. தரையிலே மணல் குவித்து அமர்ந்தவனும் கைதட்டினான். நாற்காலியில் அமர்ந்தவனும் கைதட்டினான். பிரித்துப் பார்த்தது காசு, பிறப்பன்று. அந்த இருட்டிலே அவனுக்குக் கிடைத்தது ஒரு வெளிச்சம். அதை நாம் மறுக்கவில்லை. அந்த வெளிச்சத்தைக் காட்டியவர்களை மறக்கவும் மாட்டோம்.

இந்தத் தென்கோடி மண், நாடகத்துக்கு அந்நிய மண்ணும் அன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை புராணக் கதைகளே. எனினும், சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றி, தமிழ் மேடைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தார். அவர் வழியிலே வளர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களுடைய குழுவில் சேர்ந்து உயர்ந்தவர், கூடங்குளத்திலிருந்து பேருந்தேறினால் போய்விடக்கூடிய தொலைவிலுள்ள நாகர்கோயில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், நாட்டையே சிரிக்க வைத்தான்; சிரித்த வாயைச் சிந்திக்கவும் வைத்தான்!

கிந்தனார் கதையை எண்ணிப் பாருங்கள். 1935இல் நந்தனார் கதையைத் திரைப்படமாக்கினார்கள். கே.பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் என்று ஊரெல்லாம் வியந்தது. நந்தன் எங்கே போக ஏங்கினான்? சிதம்பரத்துக்கு! எதற்கு? ஆண்டவனைக் காண! கலைவாணர் அந்தக் கதையை அப்படியே எடுத்தார். ஒரு திருகு திருகினார். அவருடைய கிந்தனும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை. அவனும் ஏங்கினான். ஆனால் பட்டணத்துக்குப் போக, படிக்க! 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அந்தக் கதாகாலட்சேபத்தை நாடே கண்டது. ஒரே ஏக்கம், ஒரே பயணம். போய்ச் சேரும் ஊரை மாற்றியதில் ஒரு புரட்சியையே செய்து காட்டினார் கலைவாணர்.

அவர் தாமும் பயணம் போனவரே. 1951இல் சோவியத் நாட்டுக்குச் சென்ற இந்தியத் திரைப்படக் கலைஞர் குழுவில் அவரும் இருந்தார். கூடங்குளத்தில் ரஷ்ய அணு உலை எழுப்ப 1988இல் ஒப்பந்தம் ஆவதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தப் பக்கத்துப் பிள்ளையொருவர் அந்த நாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். நடிகரின் பயணம் அது. ரசிகரின் பயணமோ, நடிகரின் கேட்டோடு முடிந்துவிடுகிறது!

மேடை அன்று பள்ளிக்கூடமாக இருந்தது. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் திரைக்கு வந்தது. கலைஞரின் உரையாடலோடு 1952இல் 'பராசக்தி' வந்தது. தடை செய்ய வேண்டும் என்று கூக்குரல் எழுந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் மீண்டும் மீண்டும் தடைக்குள்ளாயின. 1954இல் சென்னை மாநிலத்தில் நாடகங்களை அடக்கத் தனிச் சட்டமே வந்தது. ஆட்சியாளர் அஞ்சியது எதற்கு? நடிகரின் முகத்துக்கா? இல்லை. அவர்கள் எழுப்பிய கேள்விக்கு!

அந்தக் கேள்வி எங்கே போயிற்று? இங்கேதான் நாம் நம் நெஞ்சில் கைவைத்துப் பேச வேண்டும். கலையைக் கருவியாக்கிய இயக்கத்தாரே, காலப்போக்கில் கலைஞனைக் கடவுளாக்கவும் துணை நின்றோம். கருத்தைக் கேட்க வந்த கூட்டம் குறைந்தது. முகத்தைக் காண வந்த கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதைக் கண்டு குதூகலித்தோமே தவிர, எதற்காகப் பெருகியது என்று கேட்டோமா? மன்றங்கள் முளைத்தன. 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது, அந்த மன்றங்களே கட்சியின் கிளைகளாயின. 1977இல் அவை கோட்டைக்கே வழி திறந்தன. அவருடைய ஆட்சி நல்லதா, அல்லதா என்பது வேறு வழக்கு. வாக்காளனும் ரசிகனும் ஒருவனே ஆகிவிட்டான் என்பதுதான் நமது வழக்கு. ரசிகன் கைதட்டுவான், வாக்காளன் கணக்குக் கேட்க வேண்டும். கைதட்டும் கை கணக்குக் கேட்குமா?

விலை என்ன தெரியுமா? பட்டியலிடுவோம். 2023 ஜனவரி 11. சென்னைக் கோயம்பேட்டில், விடியுமுன் நடந்த சிறப்புக் காட்சியின் கொண்டாட்டத்தில், லாரியின் மேலேறி ஆடிய 19 வயது இளைஞன் விழுந்து மாண்டான். 2024 டிசம்பர் 4. ஐதராபாத்தில் ஒரு திரையரங்கில், நடிகரைக் காணத் திரண்ட நெரிசலில் ஒரு தாய் மாண்டார். அவர் மகன் குற்றுயிரானான். 2025 செப்டம்பர் 27. கரூர் வேலுச்சாமிபுரம். கட்சி தொடங்கிய நடிகர் விஜய்யைக் காணத் திரண்ட கூட்டத்திலே நெரிசல். 41 உயிர்கள்! குழந்தைகளும் அதில் உண்டு. குற்றம் எவருடையது? அது விசாரணைக்கு உரியது. நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறோம். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெயிலில் மணிக்கணக்காக நின்றாளே ஒரு தாய், அவளை அங்கே நிறுத்தியது எது? கொள்கையா? கோரிக்கையா? "ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்" என்ற ஏக்கம்! கோயில் திருவிழாவில் எந்த ஏக்கம் நிறுத்தியதோ, அதே ஏக்கம்!

நம் வீட்டு வாசலுக்கே வருவோம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். சாதிவெறி! பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்றது. அந்தக் கயிற்றை நாம் வகுப்பிலே பார்க்கிறோம். அதே கையிலே நடிகரின் படம் பதித்த வளையத்தையும் பார்க்கிறோம். ஊர்ப் பதாகைகளிலே சாதித் தலைவர் ஒரு மூலையில், நடிகர் மறு மூலையில்! எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திய கலையை, ஊரைக் கூறுபோடும் கோலாக மாற்றிவிட்டார்களே! இதை அறிந்தும் வாளாவிருப்போமாகில், பள்ளியில் நமக்கு என்ன வேலை?

"ஏழைக்கு இருக்கும் ஒரே இன்பம் திரைப்படம். அதையும் பறிக்கலாமா?" என்று கேட்பார் உண்டு. பறிக்கச் சொல்லவில்லை! பாருங்கள், நன்றாகப் பாருங்கள். சிவாஜியின் நடிப்பைக் கண்டு வியவுங்கள். ராதாவின் கிண்டலைக் கேட்டுக் குலுங்கிச் சிரியுங்கள். இன்றைய நடிகர் நன்றாக நடித்தால் கைதட்டுங்கள். தச்சர் நல்ல நாற்காலி செய்தால் பாராட்டுகிறோம். தச்சரின் படத்துக்குப் பாலூற்றுகிறோமா? நடிப்பும் ஒரு தொழில், உயர்ந்த தொழில். தொழிலாளியை மதிப்போம், தொழமாட்டோம். நடிகர் மனிதர் என்று உணர்ந்தவனே அவர் கலையையும் உணர்ந்தவன். கடவுளாக்கியவன் கலையைக் காணவில்லை, கட்டவுட்டைத்தான் கண்டான்.

கூட்டம் கூடுவதை வேண்டாம் என்பவர்களும் அல்லோம் நாம். கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில், 2011 செப்டம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பந்தலில் பட்டினி கிடந்தார்கள். சுற்றி ஆயிரக்கணக்கில் மீனவரும் பெண்டிரும் திரண்டார்கள். அணு உலை வேண்டும் என்பாரும் உண்டு, வேண்டாம் என்பாரும் உண்டு. நம் ஆசிரியர் அறையிலேயே இரு சாராரும் உண்டு. ஆனால் அந்தப் பந்தலுக்கு வந்தவர் எவரும் ஒரு முகத்தைக் காண வரவில்லை. "எங்கள் கடலுக்கு என்ன ஆகும்? எங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வியோடு வந்தார்கள். கேள்வியோடு கூடினால் அது மக்கள். ஏக்கத்தோடு மட்டும் கூடினால் அது நெரிசல்.

தோழர்களே! மன்றங்களைக் கலைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மன்றம் என்றால் கூடிப் பேசும் இடம். பேசுங்கள்! கட்டவுட்டுக்குப் பிரிக்கும் பணத்தில் ஓர் அலமாரி நூல் வாங்குங்கள். படம் பார்த்த மறுநாள் கூடி அமர்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் கதையில் பெண் எப்படி இருந்தாள்? சாதி எங்கே ஒளிந்திருந்தது? ஏழையின் துயரத்துக்குக் கதை சொன்ன மருந்து என்ன — ஒருவனுடைய முட்டிக்கை மட்டும்தானா? கேட்டுப் பழகினால், அடுத்த படத்தை எடுப்பவனும் அஞ்சி எடுப்பான். பயணம் போக விரும்புகிறீர்களா? போங்கள்! கலைவாணர் பிறந்த தெருவைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூருக்குப் போய், நம் முன்னோர் தாழியில் அடக்கம் செய்யப்பட்ட மேட்டிலே நின்று பாருங்கள். சாதிக் கயிறு கட்டிய கை அங்கே தானாகத் தளரும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொன்னோமே, அவனை நாம் அடிக்கவில்லை. மாலையில் நிறுத்தி வைத்துக் கிந்தனார் கதையைச் சொன்னோம். சிரித்தான். பிறகு வெகு நேரம் பேசாதிருந்தான். சென்ற ஆண்டு விழாவில், அவனும் அவன் கூட்டாளிகளும் தாங்களே எழுதி ஒரு நாடகம் போட்டார்கள். கதை? நடிகனைக் காணப் பட்டணம் போனவன் கதை! வாயிற்காவலனாக அவனே நடித்தான். முன் வரிசையிலே, பீடி இலையின் மணம் மாறாத கைகளால், அவன் அன்னை கைதட்டினார்.

அந்தக் கைதட்டலுக்கு ஈடான பாலாபிஷேகத்தை எந்தக் கட்டவுட்டும் இதுவரை கண்டதில்லை. இளைஞர்களே, சாரத்திலிருந்து இறங்கி வாருங்கள்! பால் குடத்தைக் கீழே வையுங்கள். வீட்டிலே குழந்தை அழுகிறது. முதலில் அதற்குக் கொடுங்கள்.